மாமா கொண்டுவந்த மணல்

அன்று மாமா ஒரு பை மணலோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றாரே, அப்போது அவருக்கு விஷயம் தெரிந்திருந்ததா, தெரியாதா?

இரண்டு வருடங்களாக இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். பாத்திரம் கழுவும்போது, நிச்சயம் தெரிந்திருக்கும் என்று தோன்றும். துணி மடிக்கும்போது, சே, தெரிந்திருந்தால் அப்படிச் சிரித்திருப்பாரா என்று தோன்றும். கேட்டுத் தெளிந்துகொள்ள அவர் இல்லை.

மாமா எங்களுக்கு ரத்த சொந்தம் கிடையாது. கோல சிலாங்கூர் பக்கம் என் கணவர் பிறந்த தோட்டத்தில், அதே லயத்து வரிசை வீடுகளில், மூன்று வீடு தள்ளி இருந்தவர். தோட்டம் கைமாறி லயங்களை இடித்த பிறகு, அங்கிருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே ஒரு தாமான், புதுக் குடியிருப்பு, கட்டிக் கொடுத்தார்கள். நான் கல்யாணமாகி வந்தது அந்தத் தாமானுக்குத்தான். எல்லோரும் அவரை மாமா என்றார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அவர் மனைவி எனக்கு அத்தை. அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

தோட்டத்தில் அவர் இருபது வருடத்துக்கு மேல் மருந்து அடித்தவர். மருந்துத் தொட்டியை முதுகில் கட்டிக்கொண்டு, செம்பனை வரிசைகளுக்கு நடுவே புல்லைக் கருக்கிக்கொண்டே நடக்கிற வேலை. வலது கையில் மூன்று விரல்களுக்கு நகம் இருக்காது. மருந்து தின்றுவிட்டது என்பார். லயத்தை விட்டுக் கிளம்பும்போது கிடைத்த பணத்தில் மற்றவர்கள் கார் வாங்கினார்கள். அவர் தாமானுக்குப் பின்னால் ஒன்றரை ஏக்கர் நிலம் வாங்கினார். அதில் பாதி சதுப்பு.

“வாங்குனதுல பாதிய தவளைக்குப் பட்டா போட்டுக் குடுத்துட்டாரு” என்று அத்தை போகிற வருகிறவர்களிடம் எல்லாம் சொல்வார்.

அந்தச் சதுப்பை அவர் மேடாக்கவில்லை. பள்ளமான மூலையில் கரை கட்டித் தண்ணீரை நிறுத்தினார். கூரை வேய்கிற ரும்பியா மரங்கள் அதைச் சுற்றித் தாமாகவே வளர்ந்தன. விரால் வந்தது, கானாங்கோழி வந்தது, ஒரு வருடம் நீர்நாய்க் குடும்பம் ஒன்று வந்து விராலில் பாதியைத் தின்றுவிட்டுப் போனது. என் கணவர் வலை கட்டலாம் என்றபோது, “அதுக்கும் பிள்ளைகுட்டி இருக்குல்ல, போடா” என்றாராம். வேலியில் தகரத்தில் எழுதி மாட்டியிருந்தார்: இங்கே மருந்து அடிக்காதீர்கள். தன் கையால் அடித்த மருந்துக்கெல்லாம் அந்த ஒன்றரை ஏக்கரில் ஏதோ ஈடு செய்கிறார் என்று எனக்குத் தோன்றியிருக்கிறது. அவர் அப்படிச் சொன்னதில்லை. கேட்டால், “புல்லு பச்சையா இருந்தா கண்ணுக்கு நல்லாருக்கு” என்பார், அவ்வளவுதான்.

தாமானில் எது நடந்தாலும் முதல் ஆள் அவர். மழைக்காலத்துக்கு முன்னால் பாரிட்டில், அந்த வடிகாலில், அடைத்துக் கிடக்கும் குப்பையை வாருவது, வெள்ளம் வந்தால் கோயில் மண்டபத்தில் அண்டா ஏற்றுவது, இடுகாட்டுப் புல் வெட்டுவது, எல்லாம். அவருக்கு டைப் பண்ண வராது. அதனால் தாமான் வாட்ஸ்அப் குழுவில் குரலாகத்தான் பேசி அனுப்புவார். “வணக்கம், வணக்கம். காலைல எட்டு மணிக்கு பாரிட் வேலை. மண்வெட்டி இருக்கறவங்க மண்வெட்டியோட வாங்க. இல்லாதவங்க வாய மட்டும் எடுத்துக்கிட்டு வராதீங்க லா.”

நான் ரவாங்கில் வளர்ந்தவள். டிப்ளோமா முடித்துவிட்டு மூன்று வருடம் ஓர் அலுவலகத்தில் வேலை செய்தேன். மலாயில் கடிதம் எழுதுவதுதான் வேலை. நன்றாக எழுதுவேன். ஆனால் தாமானில் யாருக்கும் அது தெரியாது. இங்கே நான் அதிகம் பேசாத மருமகள். எதையும் இரண்டு முறை யோசித்துவிட்டு, அதற்குப் பிறகும் சரிதானா என்று பயப்படுகிறவள்.

அப்போது மகளுக்கு நான்கு வயது, மகனுக்கு எட்டு மாதம். அது புரட்டாசி மாதம். மகளுக்குக் காய்ச்சல் வந்து மூன்றாம் நாள் டெங்கி என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். என் கணவர் புக்கிட் பெருந்துங்கில் தொழிற்சாலை வேலையில் இருக்கிறார், புதிதாகச் சேர்ந்திருந்த சமயம், விடுப்பு கிடைப்பது கஷ்டம். கைக்குழந்தையை அத்தைதான் வாங்கிக்கொண்டார். “நீ பெரியவளப் பாரு. இவன் எங்கிட்ட இருக்கட்டும்.”

மாமா தினமும் தன் பழைய மோட்டார் சைக்கிளில் எங்களுக்குச் சோறு கொண்டுவந்தார். பப்பாளி இலைச் சாற்றை ஒரு போத்தலில் கொண்டுவந்து தாதியிடம் திட்டு வாங்கினார். மகளின் கட்டிலருகே நின்று, “என்னடி, ஆஸ்பத்திரிக்கே மேனேஜர் மாதிரி படுத்திருக்க? எழுந்திரு, உனக்குச் சம்பளம் கிடையாது” என்றார். அவள் சிரித்தாள். நான்கு நாளில் அவள் சிரித்தது அந்த ஒரு முறைதான்.

அன்று மத்தியானம் ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. பிளேட்லெட் இன்னும் இறங்கியிருந்தது. டாக்டர் என்னிடம், வீட்டைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நிற்கிறதா என்று கேட்டார். எனக்கு உடனே மாமாவின் குளம்தான் கண்முன் வந்தது. அடுத்த நிமிடம் என் மகன். அந்தக் குளத்துக்கு இருபது அடி தள்ளி உள்ள வீட்டில், அத்தையின் புடவைத் தூளியில், திறந்த ஜன்னலுக்குக் கீழே படுத்திருப்பான். ஒரு பிள்ளை இங்கே, இன்னொரு பிள்ளை அங்கே.

மாமாவுக்கு ஒரு போன் செய்து சொல்லியிருக்கலாம். என் பிள்ளையைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பவர்களிடம், உங்கள் குளத்தால்தான் என் இன்னொரு பிள்ளைக்கு இப்படி ஆனது என்று எப்படிச் சொல்வது? பிள்ளையைத் திருப்பிக் கொடுங்கள் என்று எப்படிக் கேட்பது? நான் மரியாதை கெட்டுவிடும் என்று பயந்தேன். அதனால் போனில் சுகாதார இலாகாவின் புகார்ப் பக்கத்தைத் திறந்து எழுதினேன். மலாயில், அலுவலகத்தில் எழுதுவது போலவே, பத்தி பிரித்து, தெளிவாக. பெயரை மறைக்கும் வசதி இருந்தது, மறைத்தேன். எங்கள் வரிசையில் மூன்று பிள்ளைகளுக்குக் காய்ச்சல் என்று எழுதினேன். மற்ற இரண்டு பிள்ளைகளுக்கும் வெறும் சளிக்காய்ச்சல் என்று எனக்குத் தெரியும். அப்படி எழுதினால்தான் சீக்கிரம் வருவார்கள் என்று நினைத்தேன்.

இரண்டு நாளில் வந்தார்கள். அப்போது நான் அங்கே இல்லை. வேலை முடிந்து மகனைப் பார்க்க மாமா வீட்டுக்குப் போயிருந்த என் கணவர் நடந்ததைப் பிற்பாடு சொன்னார். வந்த அதிகாரிக்கு வெள்ள நிவாரண வேலைகளில் மாமாவை ஏற்கெனவே தெரியும். குளத்தில் அகப்பையை விட்டு மொண்டு பார்த்தாராம். கொசுப்புழு இல்லை. இத்தனை மீன் இருந்தால் எப்படி இருக்கும், இங்கே பிரச்சினை இல்லை என்று சொல்லியிருக்கிறார். வேலியோரப் புதரை மட்டும் வெட்டிவிடச் சொன்னாராம். ஆனால் புகார் என்ன என்று மாமா கேட்டதும், போனைப் பார்த்து முழுவதும் வாசித்துக் காட்டிவிட்டார்.

“மூணு பிள்ளைங்களா?” என்று மாமா கேட்டாராம். அப்படியே கரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர்கள் போனதும் மண்வெட்டியை எடுத்து வந்து கரையை வெட்ட ஆரம்பித்தார். என் கணவர் ஓடிப்போய்க் கையைப் பிடித்திருக்கிறார்.

“மாமா, அதான் ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டாங்களே!”

“விடுடா. நான் அடிச்ச மருந்துல யார் யாருக்கு என்னென்ன ஆச்சோ, ஒருத்தரும் எங்கிட்ட வந்து சொன்னதில்ல. இத சொல்லிட்டாங்க. காதுல விழுந்தப்புறம் சும்மா இருக்க முடியாது.”

குளம் வடிய மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் அவர் மீன்களைப் பெயிண்ட் வாளிகளில் பிடித்து, மோட்டார் சைக்கிளில் வைத்து, தோட்டத்துக் கால்வாயில் கொண்டுபோய் விட்டுக்கொண்டே இருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை குழுவில் அவர் குரல் வந்தது. நான் அதை வார்டில் கேட்டேன். “குளத்தத் தொறந்து விட்டாச்சு. பிள்ளைங்க இருக்கற வீட்டுக்காரங்க யாரும் இனிமே பயப்பட வேணாம். யாரு சொன்னாங்கன்னு நான் கேக்கல, யாரும் கேக்க வேணாம். அவ்வளவுதான்.”

அன்றைக்கு மகளுக்குப் பிளேட்லெட் ஏற ஆரம்பித்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன். குளம் போனதையும் அவள் பிழைத்ததையும் மனம் ஒன்றாக முடிச்சுப் போட்டுக்கொண்டது. செய்தது சரிதான் என்று அந்த ஒரு நாள் மட்டும் நிம்மதியாக இருந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் சுகாதார இலாகாவிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள். முதல்முறை வந்தபோது எங்கள் வீடு பூட்டிக் கிடந்ததால் உள்ளே பார்க்கவில்லையாம். ஒரு பெண், டார்ச் லைட்டோடு, குளியலறை, வாளி, குளிர்சாதனப் பெட்டியின் பின்பக்கம் எல்லாம் பார்த்துவிட்டு வாசலுக்கு வந்தார். வாசலில் என் துளசிச் செடி. அத்தை வீட்டுக் கிளையிலிருந்து நட்டது. டைல்ஸில் கறை படக்கூடாது என்று தொட்டிக்கு அடியில் ஒரு பெரிய தட்டு வைத்திருந்தேன். தினமும் குளித்துவிட்டு ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுவேன். புரட்டாசி என்பதால் காலையும் மாலையும் ஊற்றிக்கொண்டிருந்தேன். நான் ஆஸ்பத்திரியில் இருந்தபோதும் துளசி வாடக்கூடாது என்று என் கணவரிடம் சொல்லி ஊற்ற வைத்தேன்.

அந்தப் பெண் தொட்டியைச் சற்றுத் தூக்கினார். தட்டில் விரல் கணு அளவு தண்ணீர். சுத்தமான தண்ணீர். டார்ச் வெளிச்சத்தில் நூல்நூலாக ஏதோ துள்ளியது. ஒரு சிறு போத்தலில் உறிஞ்சி எடுத்து என் கண்ணுக்கு நேராகக் காட்டினார். “இதுதான் அக்கா. இந்த மாதிரித் தண்ணியிலதான் வரும்” என்றார் மலாயில், மிகவும் மெதுவாக. எச்சரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

பக்கத்து வீட்டார் மதில்மேல் எட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். சாயங்காலத்துக்குள் தாமான் முழுக்கத் தெரிந்திருக்கும்.

நான்கைந்து நாள் கழித்து மாமா வந்தார். மோட்டார் சைக்கிளின் முன்னால் ஒரு உரப் பை, அதில் ஆற்று மணல். நான் வாசலில் நின்றேன். அவரே தட்டைக் கழுவினார், மணலை நிரப்பினார், தொட்டியை அதன்மேல் வைத்தார்.

“மணல் இருந்தா தண்ணி நிக்காது. நீ பாட்டுக்கு ஊத்து. சாமிக்கு ஊத்தறத நிறுத்தாத.”

தலையாட்டினேன்.

“பொண்ணு சாப்பிடறாளா?”

“சாப்பிடறா மாமா.”

“அப்பறம் என்ன. நீ படிச்ச பிள்ள. மனசுல எதையும் போட்டு வச்சிக்காத” என்றார். சிரித்தார். போய்விட்டார்.

தட்டைப் பற்றிச் சொன்னாரா, புகாரைப் பற்றிச் சொன்னாரா? படித்த பிள்ளை என்று ஏன் சொன்னார்? அதற்கு முன்னால் அவர் என்னை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. அவர் பின்னாலேயே ஓடியிருந்தால் பத்து அடியில் பிடித்திருக்கலாம். மோட்டார் சைக்கிளை உதைத்துக் கிளப்ப அவருக்கு எப்போதும் நான்கைந்து முறையாவது வேண்டும். நான் நின்ற இடத்திலேயே நின்றேன்.

அன்று ராத்திரியே என் கணவரிடம் சொல்லிவிட்டேன். அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். பிறகு, “வேற யாருகிட்டயும் சொல்லாத” என்றார்.

யாரும் கேட்க வேண்டாம் என்று மாமா சொன்னாலும் தாமான் கேட்டது. பதிலும் தானே கண்டுபிடித்துக்கொண்டது. மூலை வீட்டில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மனைவி இல்லை, மகள் வெளியூரில், தனியாள். தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், நாய் குரைத்தாலும், குப்பை லோரி ஒருநாள் தவறினாலும் புகார் எழுதிப் போட்டுவிடுவார். குளத்தைப் பற்றி மாமாவோடு நேரிலேயே இரண்டு முறை வாக்குவாதம் செய்திருக்கிறார். போதாததற்கு அந்த அதிகாரி வாசித்த மலாய். “அவ்வளவு சுத்தமான மலாய்ல எழுத இங்க வேற யாரு இருக்கா?” என்று அத்தையே என்னிடம் கேட்டார், என் மகனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே.

சாப்பாட்டுக் கடையில் வாத்தியாரைப் பார்த்தால் பிள்ளைகள்கூட, “சார், எங்க வீட்டுக் கோழி சத்தம் போடுது சார், அதையும் எழுதிப் போடுங்க” என்றார்கள். ஒருநாள் அவர் தேநீர்க் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். “நான் எழுதினால் கீழே என் பெயர் இருக்கும். கையெழுத்து இருக்கும். அடையாள அட்டை எண் இருக்கும்” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ரொட்டி வாங்க வந்து அங்கே நின்றிருந்த எனக்கு மட்டும் அது உண்மை என்று தெரியும்.

மாமா ஒரு மாதத்தில் கரையை மறுபடி அடைத்தார். மழையில் தண்ணீர் சேர்ந்தது, ஆனால் பழைய குளம் இல்லை அது. ரும்பியாவில் பாதி காய்ந்திருந்தது. சாயங்காலம் கேட்கும் தவளைச் சத்தம் நின்றுபோனது. அந்த அமைதி எங்கள் சமையலறை ஜன்னல் வழியாக உள்ளே வரும். நான் ஜன்னலை மூடிவிடுவேன். மூடினால் இன்னும் நன்றாகக் கேட்கும்.

எட்டு மாதம் கழித்து, ஒரு காலையில், கரையோரம் ரும்பியாக் கன்று நட்டுக்கொண்டிருந்தபோது விழுந்துவிட்டார். இருதயம் என்றார் டாக்டர். “கொளத்த வெட்டுன அன்னிக்கே பாதி உசுரு போயிருச்சு” என்றார் அத்தை. இரண்டில் எது உண்மை என்று எனக்குத் தெரியாது. டாக்டர் சொன்னதைத்தான் நம்ப வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன்.

வாய்க்கரிசி போடும்போது வரிசையில் நானும் நின்றேன். எனக்கு இரண்டு பேருக்குப் பின்னால் வாத்தியார், வெள்ளைச் சட்டையில், கையில் மாலையோடு. என் முறை வந்தது. மாமாவின் கைகளை மார்பின்மேல் சேர்த்து வைத்திருந்தார்கள், அந்த நகமில்லாத விரல்கள் மேலே இருந்தன. நான் அரிசியை எடுத்துப் போட்டேன். அத்தை என் கன்னத்தைத் தடவி, “ஒம்மேல உசுரா இருந்தாரும்மா” என்று அழுதார்.

வாத்தியார் அரிசித் தட்டின் பக்கம் கையை நீட்டினார். அத்தை தட்டின்மேல் தன் கையை வைத்து மூடினார்.

“நீங்க போட வேணாம். மாலையையும் எடுத்துக்கிட்டுப் போயிருங்க.”

பறை நின்றுவிட்டது. வாத்தியார் யாரையும் பார்க்கவில்லை. நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டார். மாலையை இரண்டு கைகளிலும் ஏந்தியபடியே, வந்த வழியே நடந்து போனார். தெருமுனை வரைக்கும் அவர் முதுகு தெரிந்தது. நான் வாய் திறக்கவில்லை. என் விரல்களுக்கு நடுவே இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டிருந்தது, அதைத் தட்டிவிடவும் தோன்றவில்லை. இப்போதும் சோறு வைக்க அரிசி களைந்தால் சில நாட்களில் கை அப்படியே நின்றுவிடும்.

அந்த வாட்ஸ்அப் குழு இன்னும் இருக்கிறது. என் மகனுக்கு இப்போது இரண்டரை வயது, போனைக் கையில் எடுத்தால் கண்டதை அமுக்குவான். போன வாரம் நான் சோபாவில் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பின்னாலிருந்து மாமா பேசினார். “வணக்கம், வணக்கம்.” நான் எழுந்தே நின்றுவிட்டேன். மகன் திரும்பத் திரும்ப அமுக்கினான், மாமா திரும்பத் திரும்ப வணக்கம் சொன்னார். அழித்துவிடலாம் என்று பார்த்தேன். முடியவில்லை.

இதை இப்போது எழுதுவதற்குக் காரணம் உண்டு. வாத்தியார் வீட்டை விற்றுவிட்டார். இந்த மாதக் கடைசியில் ஜெராமில் இருக்கும் மகள் வீட்டோடு போய்விடப் போகிறார். போன வெள்ளிக்கிழமை நான் இப்போது பார்க்கிற பாலர் பள்ளி வேலை முடிந்து, அத்தை வீட்டிலிருந்து மகனை அழைத்துக்கொண்டு வரும்போது, அவர் தன் வீட்டு கேட்டருகே நின்று கூப்பிட்டார். மிகவும் மெலிந்திருந்தார்.

“நீ அந்த வீட்டுக்குப் போய்வருகிற பிள்ளை. போவதற்கு முன்னால் அந்த அம்மாவைப் பார்த்து ஒரு வார்த்தை பேசிவிட்டுப் போக நினைக்கிறேன். கதவைத் திறப்பார்களா என்று கேட்டுச் சொல்கிறாயா, அம்மா? நான் அதை எழுதவில்லை. அவர்கள் நம்பாவிட்டாலும் பரவாயில்லை, ஒருமுறை நேரில் சொல்லிவிட வேண்டும்.”

கேட்டுச் சொல்கிறேன் சார் என்றேன். இன்னும் கேட்கவில்லை. அவர் இதுவரை இரண்டு முறை என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்திவிட்டார்.

என் கணவர் விட்டுவிடச் சொல்கிறார். “அவரு போகப் போறாரு. அத்தைக்கு இப்ப நம்ம பிள்ளைங்கதான் எல்லாம். அதையும் பறிச்சிட்டா அந்த மனுஷி எங்க போவும்? ஒனக்கு மனசு லேசாகணும்னு அவங்க மனச ஒடைக்காத லா.” அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அத்தை தினமும் என் மகனுக்கு ஊட்டிவிட்டு, மிச்சமிருப்பதைத்தான் தான் சாப்பிடுகிறார். நான் வாயைத் திறந்தால் அந்தக் கதவும் மூடிக்கொள்ளலாம். திறக்காவிட்டால், செய்யாத காரியத்துக்காக ஒரு மனிதர் வாய்க்கரிசி மறுக்கப்பட்டவராகவே இங்கிருந்து போவார். அத்தையும் தவறான ஆள்மேல் கோபத்தை வைத்துக்கொண்டே மீதி நாளைக் கழிப்பார். இதில் எது அன்பு, எது என் பயம் என்று என்னால் பிரிக்க முடியவில்லை.

மாதக் கடைசிக்கு இன்னும் பதினொரு நாள் இருக்கிறது. படிக்கிற உங்களிடம் கேட்கிறேன். அத்தையிடம் நான் சொல்லத்தான் வேண்டுமா? சொல்வதென்றால் அவரிடம் தனியாகச் சொல்வதா, வாத்தியாரையும் அழைத்துக்கொண்டு போய் இருவர் முன்னிலையிலும் சொல்வதா? உங்களில் யாராவது இப்படி ஒன்றை இவ்வளவு காலம் கழித்துச் சொல்லியிருந்தால், முதல் வார்த்தையை எப்படி ஆரம்பித்தீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.